பொன்னையாவின் சுருட்டை முடி

இறம்பொடைக்கு மேலே இருந்த எங்கள் தோட்டத்தில் பொன்னையாவின் தலையை முடியோடு பார்த்தவர் ஒருவரும் இல்லை. தோட்டத்து ஆண்கள் எல்லாருக்கும் முடி வெட்டியவர் அவர்தான். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்களத்தின் ஓரத்தில், சவுக்கு மரத்தடியில், ஞாயிற்றுக்கிழமைகளில் மரப்பெட்டியைப் போட்டு உட்காருவார். முதல் ஆள் வருவதற்கு முன்பே தன் தலையில் தண்ணீரைத் தடவி, கண்ணாடி பார்க்காமலே கழுத்திலிருந்து நெற்றிவரை கத்தியை ஓட்டி முடித்திருப்பார். மற்ற நாள்களில் வீட்டில். மழை நாளிலும் காய்ச்சல் நாளிலும் அது நிற்காது.

“ஏன் அண்ணே இப்படி?” என்று யாராவது கேட்டால், “பழனி ஆண்டவனுக்கு நேர்ந்துக்கிட்டதுங்க. உசுரு இருக்கிற வரைக்கும் மொட்டைதான்” என்பார். கேட்டவர் கன்னத்தில் போட்டுக்கொண்டு போவார். திருவிழாவில் காவடிக்கு முன்னால் நடக்க அவருக்கு இடம் விட்டது அந்த மொட்டைக்காகத்தான்.

அது பொய். எனக்கு இதைச் சொன்னவர் அவரே. 1964இல் நான் இங்கிலாந்திலிருந்து விடுமுறையில் போயிருந்தபோது, அவர் தலையில் நரைத்த சுருள்கள் அடர்ந்து கிடப்பதைப் பார்த்துத் திகைத்து நின்றேன். உட்காரவைத்து என் முடியை வெட்டிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னார். இதை எழுதலாமா என்று கேட்டேன். கடல் தாண்டி உட்கார்ந்திருக்கும் ஒருவன், இன்னும் அதே லயத்து வரிசை வீடுகளில் இருப்பவர்களைப் பற்றி எழுதினால் அது யாரை எப்படித் தைக்குமோ என்ற பயம் எனக்கு இப்போதும் போகவில்லை.

“எழுதுங்க தம்பி,” என்றார். “என்னைய எப்படி வேணும்னாலும் எழுதுங்க. பேச்சியப் பத்தி மட்டும் ஒரு வார்த்த தப்பா வரக்கூடாது.”

பேச்சி என்பது அவர் மனைவி பேச்சியம்மா.

பொன்னையா பிறந்தது வட்டவளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில். பிறவியிலேயே அவருக்கு நெருக்கமான சுருட்டை முடி, மிளகு மிளகாக மண்டையோடு ஒட்டியிருக்கும். லயத்துப் பிள்ளைகள் “காப்பிலி, காப்பிலி” என்று ஆப்பிரிக்கர்களை இளக்காரமாகச் சொல்லும் பெயரைக் கத்திக்கொண்டு பின்னால் ஓடுவார்களாம். தேயிலைக் கொட்டைகளைப் பொறுக்கி அவர் முடிக்குள் செருகிவிட்டு, குதித்தால் விழுமா விழாதா என்று பந்தயம் கட்டுவார்கள். விழாது. ஒருநாள் தலை நிறையக் கொட்டையோடு அழுதுகொண்டு வந்தவரை, அவருடைய அப்பா மடியில் கிடத்தி, கத்தியை எடுத்து முழுசாக வழித்துவிட்டார். மறுநாள் யாரும் கத்தவில்லை. அதற்குப் பிறகு அந்தத் தலையில் அவர் முடியை வளரவிடவே இல்லை. பேச்சியம்மாவைக் கட்டிக்கொண்டு எங்கள் தோட்டத்துக்கு வந்தபோது, பேச்சியம்மா உட்பட இங்கே அவருடைய முடியைப் பற்றி யாருக்கும் ஒன்றும் தெரியாது. முதல் ஞாயிற்றுக்கிழமையே ஒருவர் காரணம் கேட்டார். வாயில் வந்தது பழனி ஆண்டவன் பெயர். சொன்ன பிறகு அதைத் திருப்பி எடுக்க முடியவில்லை.

மகள் பூரணி பிறந்தாள். குழந்தைக்கு முதல் மொட்டை அடித்தவரும் அவரே. அதற்குப் பிறகு முளைத்த முடி கொஞ்ச நாளில் வளையத் தொடங்கியது. தொட்டிலில் கிடந்த பிள்ளையின் தலையைத் தடவியபோதே அவருக்குத் தெரிந்துவிட்டது. “என்னோடதுன்னு தெரிஞ்சதும் மொதல்ல எனக்கு வந்தது சந்தோசம் இல்ல தம்பி, பயம்” என்றார்.

பேச்சியம்மாவுக்கு இடுப்புவரை தொங்கும் கோரைமுடி. பொன்னையாவுக்கோ முடியே இல்லை. பிள்ளைக்கு மட்டும் சுருட்டை. அந்தச் சமயத்தில் தோட்டத்து வேலைகளை மேற்பார்த்த கண்டாக்கு ஐயாவுக்கு நல்ல சுருட்டைத் தலை. அவருடைய மனைவியின் பிரசவத்துக்குப் பேச்சியம்மாதான் போயிருந்தாள். பார்பர் வீட்டுப் பெண்கள் பிள்ளைப்பேறு பார்ப்பது வழக்கம். இவ்வளவு போதாதா? மலையிலிருந்து தண்ணீர் இறங்கும் பீலியடியில், குடத்தோடு வரிசையில் நின்ற பெண்களுக்கு அன்றைய பொழுது நன்றாகப் போயிற்று.

“ஏன்டி பேச்சி, ஒன் புருஷன் முருகனுக்கு மொட்ட போட்டாரு. முருகன் புள்ளைக்கு யாரு தலைய வச்சு அனுப்பியிருக்காரு?”

“கண்டாக்கையா வீட்டுக்குப் புள்ள பாக்கத்தான போனா. வர்றப்ப வெறுங்கையோட வருவாளா?”

“ஆமாடி, முடியையும் வாங்கி முடிஞ்சிக்கிட்டு வந்திருக்கா!”

பேச்சியம்மா பாதிக் குடத்தோடு வீட்டுக்கு வந்து அழுதாள். “நீங்க ஒரு வார்த்த போயி கேளுங்களேன். நான் யாரு, என்னான்னு ஒங்களுக்குத் தெரியாதா?”

“பொம்பளைங்க பேச்சு. விடு” என்றார் பொன்னையா. கத்தியைத் தோல்வாரில் தீட்டிக்கொண்டே இருந்தார்.

கண்டாக்கு ஐயா மாற்றலாகி வேறு தோட்டம் போனார். பேச்சு போகவில்லை. பூரணி வளர வளர அது திரும்பத் திரும்ப எழும்பியது. பேச்சியம்மா காலையில் மகள் தலையை நனைத்து, எண்ணெய் வைத்து, இழுத்து இறுக்கிப் பின்னுவாள். வீட்டுக்குள் இருக்கும்வரை நேர்முடி போலத்தான் தெரியும். மூடுபனிக்குள் பள்ளிக்கூடம் நடந்து போய்ச் சேர்வதற்குள் பின்னலுக்கு வெளியே சுருள்கள் எழும்பி நிற்கும்.

அது ஏன் என்று இப்போது எனக்குத் தெரியும். இங்கிலாந்தில் என் வேலை ஆட்டு ரோம ஆராய்ச்சியோடு. ரோமமும் மனித முடியும் ஒரே குடும்பத்துப் புரதம். புரதம் என்பது மணிகள் கோத்த நீளமான மாலை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த மணிகளுக்கு அமினோ அமிலம் என்று பெயர். ஏறக்குறைய இருபது வகை. ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம். சில தண்ணீரைத் தேடிப் போகும். சில எண்ணெய் மாதிரி, தண்ணீரைக் கண்டால் ஒதுங்கி உள்ளே பதுங்கும். சிலவற்றில் மின்னேற்றம் உண்டு, எதிர் ஏற்றமுள்ளதை இழுக்கும், ஒரே ஏற்றமுள்ளதைத் தள்ளும். இப்படி இழுபட்டும் தள்ளுபட்டும் மாலை நேராகத் தொங்காமல் சுருண்டும் மடிந்தும் ஓர் உருவத்துக்கு வருகிறது. அந்த உருவத்தைப் பிடித்துவைக்கும் பிடிகளில் பெரும்பாலானவை லேசானவை. தண்ணீர் உள்ளே புகுந்தால் விட்டுவிடும். காயும்போது இழுத்துப் பிடித்திருக்கும் வாட்டத்திலேயே மறுபடி பற்றிக்கொள்ளும். பேச்சியம்மா செய்தது அதைத்தான். மூடுபனி அதை அவிழ்த்துவிட்டது.

ஆனால் மணிகளில் ஒன்று வேறு மாதிரி. சிஸ்டீன் என்று பெயர், கந்தகம் உள்ளது. ஒரு மாலையில் உள்ள சிஸ்டீன் பக்கத்து மாலையில் உள்ளதோடு கை கோத்தால் அது பாலம் போல நின்றுவிடும். அதைத் தண்ணீர் அசைக்காது. முடியில் அந்தப் பாலங்கள் ஏராளம். எவ்வளவு நனைத்து எவ்வளவு இழுத்தாலும் சுருள் தன் இடத்துக்குத் திரும்பி வருவது அவற்றால்தான்.

அந்தப் பாலத்தை அவிழ்க்கும் மருந்து பொன்னையாவின் கைக்கு வந்தது நுவரெலியாவில். ஏப்ரல் மாதத்தில் கொழும்புக்காரர்களும் வெள்ளைக்காரர்களும் குளிர் தேடி வந்து குவிவார்கள். அந்த நாள்களில் லோரா நோனா, அதாவது லோரா அம்மணி, என்ற ஐரோப்பிய வம்சத்துப் பறங்கிப் பெண்மணி அங்கே பெண்களுக்கான சலூன் நடத்தினாள். வேகமான கை வேண்டும் என்று பொன்னையாவைச் சேர்த்துக்கொண்டாள். சீமாட்டிகளின் தலையைக் கழுவுவதும், நேர்முடியைச் சின்னக் கட்டைகளில் சுற்றிச் சுருட்டுவதும் அவருடைய வேலை. தோட்டத்தில் அதைச் சொல்லவில்லை. ஓட்டலில் ஆண்களுக்குச் சவரம் செய்வதாகச் சொல்லிவைத்தார். ஒரு பொய்க்கு மேல் இன்னொன்று.

“பாரு பொன்னையா,” என்று லோரா நோனா தன் கொச்சைத் தமிழில் சொல்லிக்கொடுத்தாள். “இந்தப் போத்தல் அவுக்கும். அந்தப் போத்தல் கட்டும். முதலாவது போட்டு, முடிக்கு நீ சொல்ற மாதிரி படுக்கச் சொல்லு. பிறகு ரெண்டாவது போடு. அப்புறம் மழை வந்தாலும் மாறாது.”

முதல் போத்தல் பாலங்களைப் பிரித்துவிடும். இரண்டாவது, முடி அப்போது எந்த வாட்டத்தில் கிடக்கிறதோ அதே வாட்டத்தில் புதுப் பாலம் போடும். கட்டையில் சுற்றியிருந்தால் சுருளாக. சீப்பால் இழுத்திருந்தால் நேராக. பொன்னையாவுக்கு அந்தக் கடைசி விஷயம் மனதில் தங்கிவிட்டது.

பூரணிக்கு வரன் வந்தது உடப்புசல்லாவைப் பக்கத்திலிருந்து. மாப்பிள்ளையின் பெயர் அழகன், அவனும் முடிவெட்டும் தொழில்காரக் குடும்பம்தான். தூதாக வந்த சிவசாமி தேத்தண்ணீர் குடித்து முடித்துவிட்டுத் தொண்டையைச் செருமினார்.

“பொண்ண எல்லாருக்கும் புடிச்சிருக்கு மாமா. ஆனா மாப்பிள்ளையோட அம்மா, நாகலெட்சுமி அக்கா, அவங்க காதுல ஒரு பேச்சு விழுந்திருக்கு. அந்தக் கண்டாக்கு கத. பொண்ணுக்கு அவரு மாதிரியே சுருட்ட முடின்னு யாரோ சொல்லியிருக்காங்க. ‘நானே வந்து தலையப் பாக்குறேன், அப்புறம்தான் தட்டு மாத்துறது’ன்னுட்டாங்க.”

அடுப்படியில் நின்ற பேச்சியம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

அப்போதே சொல்லியிருக்கலாம். அது என் முடி என்று இரண்டு வார்த்தை. தொண்டைவரை வந்தது என்றார் பொன்னையா. ஆனால் சொன்னால் பழனி ஆண்டவன் பொய்யாவார். இத்தனை வருஷம் மனைவியை ஊர் பேசியபோது வாய்மூடி இருந்தது தெரிந்துபோகும். “வரச் சொல்லுங்க. நல்லாப் பாக்கட்டும்” என்றார்.

லோரா நோனாவிடம் மிச்சமிருந்த இரண்டு போத்தலைக் கேட்டு வாங்கினார்.

“மகளுக்கா? சுருட்டப் போறியா?”

“இல்லைங்க நோனா. நிமித்த.”

நோனா வாய்விட்டுச் சிரித்தாள். “என்கிட்ட வர்ற லேடீஸ் எல்லாம் சுருட்டு சுருட்டுன்னு உயிரை எடுக்குது. உன் மகளுக்குக் கடவுள் சும்மா குடுத்ததை நீ நிமித்தப் போறியா?” பிறகு போத்தலைக் கையில் கொடுக்கும்போது சொன்னாள்: “தெரியும்தானே? இப்ப இருக்கிற முடிக்குத்தான் இது. உள்ள இருந்து வாறதுக்கு மருந்து கிடையாது.”

தெரியும். கல்யாணம் முடியட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தார்.

எல்லாரும் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போன ஒரு பகலில் கதவைச் சாத்திக்கொண்டு வேலையைத் தொடங்கினார். எண்ணெய் போகச் சீயக்காய் போட்டு அலசவைத்து, முதல் போத்தலைத் திறந்தார்.

“அய்யோ அப்பா, கூமுட்ட நாத்தம்!” என்று பூரணி மூக்கைப் பொத்தினாள்.

“ஆடாம ஒக்காரு.”

பேச்சியம்மா சுவரோரம் நின்று பார்த்தாள். “பொம்பள தலைக்கு மருந்து போட எங்க கத்துக்கிட்டீங்க? ஓட்டல்ல ஆம்பளைங்களுக்குத்தான சவரம்னீங்க?”

சீப்பு மேலிருந்து கீழே போய்க்கொண்டிருந்தது.

“ஏங்க, நாம தப்பு ஒண்ணும் செய்யலியே. எதுக்குங்க மறைக்கணும்? மறைச்சா இருக்குன்னுதான ஆவும்?”

சீப்பு அடுத்த பிரிக்குப் போயிற்று. “அந்தச் சீப்பு அன்னிக்கி நின்னிருந்தா…” என்று சொல்லிவிட்டு, பொன்னையா என் காதருகே மறுபடி கத்தரிக்கோலை ஓட்டினார்.

நாகலெட்சுமி வந்தாள். கெட்டிக்காரி. பூரணியைத் தன் முன்னால் உட்காரவைத்துப் பின்னலை அவிழ்த்து, விரலால் அடிவரை கோதினாள். பிறகு குடிக்கக் கொடுத்த தண்ணீரில் கையை நனைத்து அந்த முடியை அழுத்திப் பிசைந்தாள். “எண்ணெய் வச்சு நிமித்துனதுன்னா தண்ணி பட்டா எந்திரிச்சுக்கும்” என்று எல்லாரும் கேட்கச் சொன்னாள். முடி எழும்பவில்லை. வாசலில் பனிக்குள் கொஞ்சநேரம் நிறுத்தியும் பார்த்தாள்.

“நேர்முடிதான். ஊரு வாய்க்கு என்னா, எதையும் பேசும்” என்று சொல்லிப் பேச்சியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். “மனசுல வச்சுக்காதீங்க சம்மந்தி.”

பேச்சியம்மா சிரித்தாள். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு நாலு பேர் முன்னால் தலை நிமிர்ந்து சிரித்தாள். பொன்னையாவால் அதைப் பார்த்துக்கொண்டு அங்கே உட்கார முடியவில்லை. வெற்றிலை வாங்கப் போவதாகச் சொல்லி எழுந்துபோனார்.

கல்யாணம் மாப்பிள்ளை வீட்டில் நடந்தது. எங்கள் தோட்டத்திலிருந்து போனவர்கள் கொஞ்சம் பேர்.

மாதங்கள் போயின. பூரணியின் தலையில் மண்டையோடு ஒட்டி அலையலையாக ஏதோ புடைத்தது. அதற்குக் கீழே முடி குச்சி குச்சியாக நேராகத் தொங்கியது. தலை குளிக்கும்போது நாகலெட்சுமி பார்த்துவிட்டாள். வகிட்டை விலக்கி விலக்கிப் பார்த்தாள். பூரணி பொய் சொல்லத் தெரியாதவள். அப்பா மருந்து போட்டு நிமிர்த்தினார் என்று சொல்லிவிட்டாள்.

“மறைச்சிருக்கீங்கன்னா அப்ப அந்தக் கத நெசந்தானடி!” என்று நாகலெட்சுமி கத்தியது அடுத்த லயம்வரை கேட்டதாம். மருமகள் முழுகாமல் இருப்பது தெரிந்தும், “ஒங்க அப்பன் வீட்டுக்குப் போ. அந்த அப்பன் யாருன்னு தெரிஞ்சுக்கிட்டு வா” என்று அனுப்பிவிட்டாள்.

கொண்டுவந்து விட்ட அழகன் வீட்டுக்குள் வரவில்லை. வாசலில் நின்று, “மாமா, எனக்கு அவ மேல ஒண்ணுமே இல்லீங்க. அம்மாகிட்ட நான் என்னான்னு சொல்றது? நீங்க ஒரு வார்த்த சொன்னீங்கன்னா அதப் போயிச் சொல்லுவேன்” என்றான்.

“அப்புறம் பேசிக்குவோம் மாப்பிள்ள” என்று அனுப்பிவைத்தார். அப்புறம் அவர் செய்தது, நுவரெலியாவுக்கு பஸ் ஏறியது. இன்னும் இரண்டு போத்தல் கிடைத்தால் அடிமுடியையும் நிமிர்த்திவிடலாம் என்று! சலூன் பூட்டியிருந்தது. சீசன் இல்லாத நாளில் அங்கே யார் இருப்பார்? பூட்டைப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினார்.

வீட்டில் பூரணி சீப்போடு உட்கார்ந்திருந்தாள். மேலே சுருட்டை, கீழே நேர். சீப்பு நடுவில் சிக்கி நின்றது. நிமிர்ந்து அப்பாவின் மொட்டைத் தலையைப் பார்த்தாள்.

“அப்பா, ஒங்களுக்கு முடி வளந்தா எப்படி இருக்கும்?”

தோட்டத்தில் யாரும் கேட்காத கேள்வி. பழனி ஆண்டவன் பெயரைச் சொன்னதும் எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்களே தவிர, அந்த மொட்டைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அடுப்பில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்த பேச்சியம்மாவின் கை நின்றது.

“ஒன் முடி மாதிரியேதாம்மா இருக்கும்” என்றார் பொன்னையா.

பேச்சியம்மா திரும்பவில்லை. “எப்பலேருந்து தெரியும்?”

“மொதல் மொட்டைக்கு அப்புறம்… அப்பலேருந்தே.”

“ம்.”

ரொட்டியை எடுத்து மகளுக்கு வைத்தாள். தனக்கு வைத்துக்கொண்டாள். அவருக்கு வைக்கவில்லை. அழுவாள், கத்துவாள் என்று காத்திருந்தார். ஒன்றும் நடக்கவில்லை. காலையில் அவர் தலைக்குத் தண்ணீர் தடவப் போனபோது, கத்தியைப் பிடுங்கிப் பெட்டிக்குள் போட்டாள்.

“வளருங்க. வாயால சொன்னா எவளும் நம்ப மாட்டா. பொண்டாட்டிக்காகப் பொய் சொல்றான்னுதான் சொல்லுவாளுங்க. ஒங்க வாய் சொல்லாதத ஒங்க தலை சொல்லட்டும்.”

வளர்த்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே சவுக்கு மரத்தடியில் பேச்சு தொடங்கிவிட்டது.

“என்னாண்ணே, தலை கருக்குது? ஆண்டவன் கோவிச்சுக்கப் போறாரு.”

“நான் நேரவே இல்லைங்க. பொய் சொன்னேன்” என்றார்.

முகத்தில் பாதி நுரையோடு இருந்த கந்தப்பன், கோயில் பூசாரி, எழுந்து நின்றுவிட்டார். “முருகன் பேரச் சொல்லியா? அந்த மொட்டைக்காகத்தானய்யா ஒன்னையக் காவடிக்கு முன்னால நடக்கவிட்டோம்!” பாதிச் சவரத்தோடு போய்விட்டார். வந்தவர்கள் குறைந்தார்கள். திருவிழா வந்தது. பொன்னையா காவடிக்குப் பக்கத்திலேயே போகவில்லை. தப்பு மேளம் அடிப்பவர்களுக்கும் பின்னால், வேலியோரமாக நின்றுகொண்டார்.

அதையெல்லாம் தாங்கினார். தாங்க முடியாமல் இருந்தது வேறு. முளைத்த முடி கட்டை கட்டையாக நேராக நின்றது. இத்தனை வருஷம் வழித்ததில் சுருட்டை செத்துப்போயிருந்தால்? ஒவ்வொரு காலையும் தலையைத் தடவிப் பார்ப்பார். கை கூசும்.

அப்போது நான் அங்கே இருந்திருந்தால் சொல்லியிருப்பேன். கத்தி வெட்டியதெல்லாம் வெளியே வந்துவிட்ட முடியைத்தான், அதற்கு உயிரில்லை. உயிர் இருப்பது தோலுக்கு அடியில், வேரில். வேர்க்குழியின் வளைவையும் கத்தி தொடுவதில்லை, எந்த மணிக்குப் பிறகு எந்த மணி என்று உடம்பு வைத்திருக்கும் வரிசையையும் தொடுவதில்லை. உருவம் அந்த வரிசைக்குள் எவ்வளவு அடங்கியிருக்கிறது என்பதை இந்த வருஷங்களில்தான் கண்டுகொண்டிருக்கிறார்கள். ஒரு சின்னப் புரதத்தின் பாலங்களை எல்லாம் பிரித்து, உருவத்தை முழுசாகக் குலைத்துவிட்டு, பிறகு மருந்தை வெளியேற்றிப் பார்த்தார்கள். யாரும் மடித்துக்கொடுக்காமலே அது பழையபடி மடிந்துகொண்டதாம். எல்லாப் புரதமும் அப்படித் திரும்பாது. அவித்த முட்டை பச்சை முட்டையாவதில்லை. ஆனால் வேர் ஒவ்வொரு நாளும் புதிதாகச் செய்கிறது. செய்யும்போதெல்லாம் அதையேதான் செய்கிறது.

ஒரு காலையில் விரலில் முடி வளைந்து சிக்கியது.

நன்றாகச் சுருண்டதும் உடப்புசல்லாவைக்குப் புறப்பட்டார். பேச்சியம்மாவைக் கூப்பிட்டார். “நான் எதுக்கு? நான் ஒண்ணும் செய்யல. நீங்க போங்க” என்றாள். குளிருக்குக்கூடத் தலையில் துண்டு கட்டாமல் பஸ்ஸில் உட்கார்ந்து போனார்.

நாகலெட்சுமி வாசலிலேயே நிறுத்தினாள். “தலையக் குனிங்க” என்றாள். குனிந்தார். செம்பில் கையை நனைத்து அவர் முடியையும் அழுத்திப் பிசைந்தாள். பார்க்க ஆள் கூடிவிட்டது. சுருள்கள் இன்னும் இறுகின.

“மருந்து போட்டு நிமித்தத் தெரிஞ்சவருக்கு மருந்து போட்டுச் சுருட்டத் தெரியாதா?” என்றாள். “நோனாமாருக்குச் சுருட்டி விடுறதுதான் ஒங்க வேலைன்னு நுவரெலியாவுல விசாரிச்சு இப்பத்தான் எங்களுக்கும் தெரியுது. இத எப்படி நம்புறது?”

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். பொன்னையா குனிந்த தலையை நிமிர்த்தவில்லை.

“என் மக முடிய வேரப் பாத்துத்தானுங்க கண்டுபிடிச்சீங்க. மருந்து வேருக்குப் போவாது. என் வேரையும் பாருங்க.”

நாகலெட்சுமி வகிடு வகிடாகப் பிரித்தாள். தோலை விட்டு வெளியே வரும் இடத்திலேயே முடி வளைந்திருந்தது, எங்கே பிரித்தாலும். கையை எடுத்துச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

“இவ்வளவையும் தலைக்குள்ள வச்சுக்கிட்டு, கட்டுனவள இத்தன வருஷம் ஊரு பேச விட்டிருக்கீங்களே. நீங்கள்லாம் ஒரு மனுஷனா?”

பொன்னையா இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார்.

“பொண்ண நானே வந்து கூட்டிக்கிறேன். ஒங்களுக்காக இல்ல. அந்தப் பேச்சியம்மாவ நானும் பேசிட்டேன். அவங்க கால்ல நான் விழணும்” என்றாள் நாகலெட்சுமி. சொன்னபடி அழகனோடு வந்தாள். காலில் விழப் போனவளைப் பேச்சியம்மா பிடித்துத் தூக்கி, தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். பூரணி குச்சி குச்சியாக நின்ற நேர்முடியை முழுசாகக் கத்தரித்துக்கொண்டு, எஞ்சிய சுருட்டையோடு புருஷன் வீட்டுக்குப் போனாள்.

அன்று அவர்கள் போன பிறகுதான் பேச்சியம்மா பொன்னையாவிடம் வாய் திறந்தாள்.

“காலைல கொடத்த நீங்க தூக்கிக்கிட்டு வாங்க.”

“எங்க?”

“பீலிக்கு.”

பெரட்டுக்கு முந்தைய அந்த நேரத்தில் பீலியடிக்கு ஆண்கள் போவதில்லை. அது பெண்களின் இடம். பொன்னையா குடத்தை இடுப்பில் வைக்கத் தெரியாமல் தோளில் வைத்துக்கொண்டு அவள் பின்னால் நடந்தார். பனி இறங்கியிருந்தது. வரிசையின் கடைசியில் போய் நின்றார்கள். முன்னால் நின்ற மூத்த பெண் ஒருத்தி, பனிக்குள் அந்தத் தலையை மட்டும் பார்த்துவிட்டு வாயைப் பிளந்தாள்.

“அடியாத்தி! நம்ம பழைய கண்டாக்கையால்ல கொடத்தோட வந்து நிக்கிறாரு!”

நாலைந்து பேர் சிரித்தார்கள்.

“நல்லாக் கிட்ட வந்து பாருடி,” என்றாள் பேச்சியம்மா. “என் புருஷன்.”

சிரிப்பு நின்றது. பீலியின் கீழே யாருடைய குடமோ நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. எடுக்க யாரும் குனியவில்லை. பேச்சியம்மா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். அவர்களும் பொன்னையாவைப் பார்த்தார்கள், அவருடைய தலையை, பிறகு அவளை. ஒருத்தி மெதுவாகத் தன் குடத்தை நகர்த்தி, “நீ முன்னால புடிச்சுக்க பேச்சி” என்றாள். பேச்சியம்மா நகரவில்லை. தன் முறை வரும்வரை அந்த வரிசையிலேயே நின்றாள், அவரையும் நிற்கவைத்தாள்.

நான் போயிருந்த காலையிலும் குடம் எடுத்துப் போனவர் பொன்னையாதான். நல்ல பனி. சுருள்களின் நுனியில் நீர் கோத்துக் காதில் சொட்டிக்கொண்டிருந்தது. கொடியில் துண்டு காய்ந்துகொண்டிருந்தது. பேச்சியம்மா வாசலில் நின்று பார்த்தாள். தலையில் போட்டுக்கொண்டு போங்க என்று அவள் சொல்லவில்லை, அவரும் அதை எடுக்கவில்லை.